எல்லாமே சாப்பிடலாம்

இஞ்சி பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்த கையோடு அதைத் தேய்த்துவிடக் கூடாது, மேடம். ஒரு ராத்திரி முழுக்க அது குளிர்பெட்டியில் கிடக்க வேண்டும். அவசரப்பட்டு அடுப்பில் வைத்தால் சுவர் அகலும், ஜன்னல் கோணும், அப்புறம் எந்த ஐசிங்கை வைத்து ஒட்டினாலும் வீடு நிற்காது. அவசரம் எனக்கு எப்போதுமே ஆகாது.

இந்தச் சமையல் பாடம் கேட்கவா உன்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தோம் என்று நினைக்கிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. என் தம்பி மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வயிற்றுக்குள் போனது என்னவென்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதானே? சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் புரியும். நடுவிலிருந்து பிய்த்துச் சொன்னால் கொலைகாரி மாதிரித்தான் தெரிவேன். ஆஸ்பத்திரியில் ஆளாளுக்குக் கத்தினார்கள். நீங்கள் ஒருவர்தான் கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னீர்கள். அந்த மரியாதைக்காகவே சொல்கிறேன்.

ஹோட்டலில் கேக், பிஸ்கட் பிரிவு முழுக்க என் பொறுப்பு. கிறிஸ்துமஸ் மாதம் பிறந்ததும் டைனிங் ஹாலின் நடு மேஜைக்கு ஒரு வீடு செய்வேன். மேஜைமேல் வைத்தால் கூரை என் தலைக்கு மேலே போகும். சுவரெல்லாம் இஞ்சி பிஸ்கட். ஜன்னல் கண்ணாடி, சர்க்கரையைக் காய்ச்சி ஊற்றியது. பின்னால் ஒரு விளக்கு வைத்தால் உள்ளே யாரோ குடியிருக்கிற மாதிரித் தெரியும். கூரை ஓடு பாதாம் சீவல், ஒவ்வொன்றாகக் கையால் அடுக்கியது. ஓட்டுக்குமேல் பனி பெய்த மாதிரி வெள்ளை ஐசிங், விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தொங்கும். மற்ற ஹோட்டல்களில் போய்ப் பாருங்கள். உள்ளே அட்டை, தெர்மாகோல், பிளைவுட். வெளியே நாலு பிஸ்கட்டைப் பசை துப்பாக்கியால் ஒட்டிவிட்டு வாய் கூசாமல் 'இஞ்சி பிஸ்கட் வீடு' என்று பெயர் வைப்பார்கள். என் வீட்டில் ஒரு கம்பி கிடையாது, ஒரு குச்சி கிடையாது. வாசலில் ஒரு பலகை நிற்கும், அதுவும் பிஸ்கட். அதில் ஐசிங்கால் நானே எழுதுவேன்: 'இதில் எல்லாமே சாப்பிடலாம்.'

சாப்பிடலாம் என்பது வேறு, சாப்பிடுவது வேறு. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒருவரும் அதில் வாய் வைத்ததில்லை. வாரக்கணக்கில் நின்று, தூசி படிந்து, புது வருஷம் பிறந்ததும் குப்பை வண்டியில் போகும். போகட்டும். அதுவரை நிமிர்ந்து நிற்கிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி.

தம்பியும் அதே ஹோட்டலில் ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறான். வேலை வாங்கிக் கொடுத்தவள் நான். வளர்த்தவளும் நான்தான். அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். எனக்குக் கல்யாணம் பேச வந்தவர்களையெல்லாம் இவனைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவனும் அவன் மனைவியும் கீழ் வீட்டில், நான் மாடியில். அவர்கள் மகளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். கண் திறந்ததிலிருந்து தூங்கும்வரை வாய் ஓயாது. பாதி நேரம் என் வீட்டில்தான் இருப்பாள். மிச்சமான ஐசிங்கைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து கொடுத்தால், விரலை விட்டு வழித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கதை முழுக்கச் சொல்லி முடிப்பாள். அவள்மேல் எனக்கு உயிர். யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வருஷம் என் பிஸ்கட் வீட்டுக்கு எறும்பு வந்தது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு விருந்தாளிகள் வந்து நின்று போட்டோ எடுக்கும்போது, ஹால் ஜன்னலோரச் சுவரிலிருந்து வரிசைகட்டி வந்து கூரையில் ஏறிக்கொண்டிருந்தது. மேனேஜர் குனிந்து பார்த்தார்.

"என்னக்கா, வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்தாச்சு போல. அட்வான்ஸ் வாங்கிட்டீங்களா?"

ஹாலே சிரித்தது. பாத்திரம் கழுவுகிறவர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். என் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நான் பார்த்தேன் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. வீட்டைத் துணி போட்டு மூடிப் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் பிளைவுட்ல அடிச்சிடலாம்க்கா, மேல மட்டும் நீங்க ஐசிங் பூசிடுங்க, தொல்லை இல்ல பாருங்க," என்றார். தொல்லையாம். எனக்கு அன்றைக்கு உடம்பெல்லாம் எரிந்தது, மேடம். எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வருஷத்துக்கு ஒரு வீடு இருக்கிறது. அதிலும் பிளைவுட் வைக்கச் சொன்னால் சும்மா இருப்பேனா?

'இன்னொரு தடவை எறும்பு வந்தால் நானே பிளைவுட் வாங்கித் தருகிறேன்' என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதனால் இந்த வருஷம் எறும்பு வரக் கூடாது. எறும்பு சர்க்கரைக்குத்தான் வரும். சுவரில் அதற்கு ருசியில்லை, இஞ்சியும் கிராம்பும் காரம். கூரைமேல் இருக்கும் பனிக்குத்தான் வரும். அந்தப் பனியில் ஒன்றைக் கலந்தேன்.

உட்காருங்கள், மேடம். சொல்கிறேன் என்றேனே. இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

கலக்கும்போது எனக்கு யார்மேலும் கெட்ட எண்ணம் இல்லை. தின்னாத பண்டத்தில் எதைக் கலந்தால் யாருக்கு என்ன? வீடு ஹாலில் போய் நின்றது. கூரை ஒரு நூல் இறங்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மேனேஜரே இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினார். அப்படியே இருந்திருந்தால் இன்றைக்கு நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். ஊரில் எல்லோருக்கும் ஒரு புத்தி வந்தால் அந்த மனிதருக்கு மட்டும் வேறு புத்தி வரும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். இந்த வருஷம் வேலை செய்கிறவர்களின் குடும்பங்களுக்கெல்லாம் மத்தியானச் சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் வீட்டை உடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். வீணாக்க வேண்டாம்.

"செஞ்சவங்கதான் முதல்ல ஒரு கடி கடிக்கணும். அப்பதான் பசங்க நம்பி சாப்பிடுவாங்க. எல்லாமே சாப்பிடலாம்தானேக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எல்லாமே," என்றேன்.

பழசாகிவிட்டது, தூசி படிந்துவிட்டது, பிள்ளைகளுக்குப் புதுசாகச் சுட்டுத் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்கிறீர்கள். எனக்கும் தோன்றியது. நான் முட்டாள் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். சாப்பிடலாம் என்று நானே எழுதி வைத்துவிட்டு, சாப்பிடப் போகும் நேரத்தில் நானே கையைத் தட்டிவிட்டால் அந்தப் பலகைக்கு என்ன மரியாதை? அடுத்த வருஷம் பிளைவுட்தான். என்னை யாரும் வேலையைவிட்டு அனுப்ப மாட்டார்கள். சிரிப்பார்கள். அது அதைவிட மோசம். அதுவும் அல்லாமல் வாரக்கணக்கில் நின்ற பிஸ்கட் கல் மாதிரி இருக்கும். பிள்ளைகள் ஒரு கடி கடித்துப் பார்த்துத் துப்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். தப்பான கணக்கு இல்லை. மற்ற பிள்ளைகள் அப்படித்தான் செய்தார்கள். எல்லோரும் சுவரைத்தான் பிடித்து இழுத்தார்கள், கடித்தார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு ஐஸ்கிரீம் பக்கம் ஓடிவிட்டார்கள்.

அதற்குமுன் நான் கூரைமேல் இருந்த பிஸ்கட் புகைபோக்கியை ஒடித்து எல்லோர் முன்னாலும் தின்று காட்டினேன். கைதட்டினார்கள். மேனேஜர்தான் முதலில் தட்டினார். 'எங்க அத்தை வீடு, நான்தான் முதல்ல' என்று ரேடியோ எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் சுவர்ப் பக்கம் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கூரை விளிம்பில் பனி கெட்டியாகத் தொங்கிய இடமாகப் பார்த்து ஒடித்தாள். ஐசிங் என்றால் அவளுக்குப் பைத்தியம் என்று சொன்னேனே. நக்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "அத்தை, செம!" என்றாள். அப்புறம் இன்னொரு துண்டு.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். சிரித்தேன். வேறு என்ன செய்வது? ஹால் முழுக்க ஆட்கள். பயம் இல்லாமல் இல்லை. ஒரு துண்டு பனிக்கு என்ன ஆகிவிடப் போகிறது, பெரிய உடம்பாக வளர்கிற பிள்ளை, என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இரண்டாவது துண்டை அவள் வாயில் போட்டதும், 'போதும்டி, பல் கெட்டுப்போகும்' என்று சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வீட்டுக்குப் போனதும் முதலில் அவள் பேச்சுதான் நின்றது. அப்புறம் வியர்வை, வாந்தி. தம்பி தூக்கிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அதுல என்ன போட்டே? திட்ட மாட்டேன்க்கா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். டாக்டர் கேக்குறார், சொல்லிடுக்கா."

"ஒண்ணும் போடலைடா. மாவு, வெல்லப்பாகு, இஞ்சி, சர்க்கரை, முட்டை. நானும்தானே தின்னேன்? எனக்கு என்ன ஆச்சு?"

அவன் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்," என்றாள். அவள் அழுகையைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. நான் கல்நெஞ்சுக்காரி இல்லை, மேடம்.

நானும் தின்றேனே, எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று நீங்களும் அப்போதே பிடித்துக்கொண்டீர்கள், கெட்டிக்காரர்தான். விருந்துக்கு முந்தின நாள் மத்தியானம், ஹாலில் ஆள் இல்லாதபோது, பழைய புகைபோக்கியை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுட்டதை வைத்தேன். அதன் தலையில் இருந்த பனிக்கு வேறு கிண்ணத்தில் ஐசிங் அடித்தேன். நான் கடிக்கப் போகிறது அதைத்தான். அதில் எதற்கு? கூரையை மாற்ற நேரம் இருந்ததா என்று கேட்காதீர்கள். நேரம் இருந்தது. பாதாம் சீவலை மறுபடி முதலிலிருந்து அடுக்க மனம் வரவில்லை.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். தோட்டக்காரர் ரோஜாச் செடியில் பூச்சி விழுந்தால் தூவுகிற வெள்ளைத் தூள். ஹோட்டல் பின்பக்கம் மண்வெட்டி, கத்தரி எல்லாம் வைக்கிற அறை, கதவுக்குப் பின்னால் மேல் தட்டு, பச்சை மூடி போட்ட டப்பா. பெயர் டப்பாமேல் இருக்கிறது. அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரை இழுக்காதீர்கள். எடுத்ததும் நான், கலந்ததும் நான்.

போனில் பேசி முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். டாக்டரிடம் பச்சை மூடி என்று சொன்னீர்களா? நல்லது. டப்பாவை எடுக்க ஆள் அனுப்பிவிட்டீர்களா? அதுவும் நல்லது. பிழைத்துக்கொள்வாள். பிழைத்தால் நான்தான் சொன்னேன் என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டும்.

எதற்கு என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? வளர்த்த தம்பி கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது ஏன் சொல்லவில்லை என்றுதானே? சொல்லக் கூடாது என்றில்லை. தொண்டைவரை வந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார், மேடம்.