மாப்பிள்ளையின் ஊர்

சென்ற வியாழன் காலை, தோர்ண்டன் ஹீத்தில் 8.12 ரயிலில் ஏறினேன். எதிரே யாழ்ப்பாணத்தவர் இருவர். மூத்தவரின் மகள் ஒரு பிலிப்பைன்ஸ் இளைஞனைக் கட்டப்போகிறேன் என்கிறாளாம்.

"ஊர் எதெண்டு விசாரிச்சனீங்களோ, அண்ணை?"

"விசாரியாமல் விடுவனோ? வடக்கில, இலோகோஸ் பக்கம் ஒரு சின்ன ஊர். மேற்கால கடல், கிழக்கால மலை. முந்தி ஆறு ஊரை அரிச்சுப்போட்டுது. சனம் தேவாலயத்தைக் கல்லுக் கல்லாக் கழட்டி மேட்டில கொண்டுபோய்க் கட்டினது."

"தோட்டம் துரவு?"

"புகையிலை, வெங்காயம். எங்கட ஆக்கள் மாதிரித்தான்."

"அப்ப?"

"ராத்திரியே ஓம் எண்டிட்டன்."

"நல்லது. மாப்பிள்ளைக்கு என்ன பேர்?"

மூத்தவர் கைப்பேசியை எடுத்தார்.

"பிள்ளை, அப்பா கதைக்கிறன். அந்தப் பெடியன்ர பேர் என்ன?"