கோபுர அறையில் தட்டல்

படிகள் வழுக்கும், நல்ல செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள் என்று வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருவரும் படிப்பதில்லை, ஐயா. பதினெட்டு வருடமாக அந்த வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன். பலகையைப் படித்துவிட்டு உள்ளே வந்த ஒரு ஜீவனைக்கூட நான் பார்த்ததில்லை.

இருநூறு வருடத்துக் கோதிக் கட்டடம். கூர்மையான வளைவு ஜன்னல்கள், கூரை விளிம்பில் வாய் பிளந்து நிற்கும் கல் முகங்கள். உயிரைக் கொடுத்து இழைத்திருக்கிறார்கள். வருகிற கூட்டம் அதையெல்லாம் ஏறெடுத்தும் பார்க்காது. கேட்பது ஒன்றே ஒன்று: "பேய் எந்த ரூம்ல சார்?"

பேய் கோபுர அறையில் இருந்தது. பகல் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் உள்ளேயிருந்து தட்டும். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்துவேன். தட்டல் கேட்டால் மூச்சு காட்டக் கூடாது, பதிலுக்குத் தட்டக் கூடாது, கதவைத் தொடவே கூடாது என்பேன். இந்தச் சட்டமெல்லாம் நானாகப் போட்டதுதான். பெற்ற தாய் சொன்னால் கேட்காத ஜென்மங்கள், நான் சொன்னால் கைகட்டி நிற்கும்.

என் மனைவியின் தம்பி பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற இன்ஜினீயர். கூரை ஒழுகுகிறதென்று நிர்வாகத்தார் அவனை வரவழைத்தார்கள். வந்த இரண்டாம் நாளே பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, உங்க பேயைப் புடிச்சிட்டேன். கோபுரச் சுவருக்குள்ள ஒரு இரும்புக் குழாய் போவுது, மழைத்தண்ணி வடியறதுக்கு. வெயில் ஏறுனா விரியுது, நிழல் விழுந்தா சுருங்குது. அதான் டொக்கு டொக்குன்னு சத்தம்."

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும் மாப்ளே."

"கிடந்தா சுவரு ஊறிப்போயிடும் மாமா. மாத்திட்டேன்."

இரும்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் வைத்திருந்தான். படித்தவன் இல்லையா, ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. தொப்பைக்காரன் ஒருவன், "பேய் இன்னைக்கு லீவு போல" என்றான். முப்பது பேரும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று வீட்டில் சாப்பிடும்போது மைத்துனன் என்னைப் போலவே குரலைத் தாழ்த்திப் பேய்க்கதை சொல்லிக் காட்டினான். என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த நாள் காலை குழாய்க்காக உடைத்த இடத்தைப் பூச அவன் கோபுர அறைக்குப் போனான். வேலையாட்களை நம்ப மாட்டான், கடைசிப் பூச்சைத் தானேதான் பூசுவான். சட்டையைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டியிருந்தான். போன் சட்டைப் பையில் இருந்தது. அதை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கோபத்தில் செய்யவில்லை. வீட்டுக்குத் தட்டல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கதவு அரை அடி கனம், அறைக்கு ஜன்னலும் கிடையாது. குரல் வெளியே வராது, அடி மட்டும் கேட்கும். அன்று பதினோரு மணிக்குத் தட்டல் கேட்டதே, குழாய் பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் அப்படித் தட்டியதில்லை. இரண்டு பெண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பார்வையாளர் நோட்டில், 'தத்ரூபமாக இருந்தது' என்று ஒரு மேதாவி எழுதிவிட்டுப் போனான்.

"தம்பி போனே எடுக்க மாட்டேங்கிறான்" என்றாள் மனைவி. அவசர வேலையாக வெளியூர் போயிருக்கிறான் என்றேன். சரி என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் வந்த கூட்டத்தில் ஒரு நர்ஸ் இருந்தாள். அவள் ஒருத்திக்குத்தான் காது என்று ஒன்று இருந்தது. "சார், உள்ள நிஜமாவே யாரோ இருக்காங்க. கதவைத் திறங்க" என்றாள். அவள் புருஷனே அவளைப் பிடித்து இழுத்தான். "சும்மா இருடி, மானத்தை வாங்காத. எல்லாம் செட்டப்பு." மற்றவர்கள் அவளை 'உஷ்' என்று அடக்கினார்கள். நான்கு நாட்களில் இருநூறு பேருக்குமேல் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருப்பார்கள், ஐயா. தாழ்ப்பாள் வெளிப்பக்கம், அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. நீங்கள் விசாரிப்பது என்னை மட்டும்.

சட்டையை ஆணியிலேயே விட்டது என் மறதி. ஆறாம் நாள் சாப்பாடு கொண்டுவந்த மனைவி அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்தாம் நாளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். விடிவதற்கு முன்பே உயிர் போய்விட்டது என்கிறார் டாக்டர். மூன்று மணிக்குத் தட்டல் கேட்டதாகச் சாட்சிகள் சத்தியம் செய்கிறார்கள். உங்கள் ஏட்டுகூட என்னைப் பார்க்கப் பயப்படுகிறார்.

அது நான்தான். பதினோரு மணிக் கூட்டம் ஒன்றும் கேட்காமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனது. மூன்று மணிக் கூட்டத்தைக் கதவு முன்னால் நிறுத்திவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்ச் சுவரில் நானே தட்டினேன். அவன் கடைசியில் தட்டியது போலவே, விட்டுவிட்டு, மெதுவாக. அவ்வளவு தூரத்திலிருந்து நம்பி வருகிறவர்களை ஏமாற்றி அனுப்ப எனக்கு மனசு வராது.