பச்சைப் பொத்தான்

அண்ணே, இதுல ஒரே ஒரு தேதியை மட்டும் மாத்திக் குடுக்க முடியுமா? லேப்டாப்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் ஓடுது. கையில வேலை இருந்தா முடிச்சுட்டு வாங்க, நான் இப்படி ஓரமா உக்காந்துக்குறேன்.

இந்தப் புரோகிராமா? காசு குடுத்து வாங்குனது இல்லண்ணே, எங்க வீட்டுக்காரர் செஞ்சது. வேலை மாறணும்னு தினம் கோடிங் கணக்குப் போட்டுப் பழகுவாரு. இன்னிக்குப் போட்டதை அடுத்த வாரம் கேட்டா திருதிருன்னு முழிப்பாரு. நான்தான் சொன்னேன், எங்க தையல் டீச்சர் காஜா எடுக்கச் சொல்லிக் குடுத்தா மறுநாள் ஒரு தடவை, நாலு நாள் விட்டு ஒரு தடவை, மாசம் விட்டு ஒரு தடவை எடுக்க வைப்பாங்க, அதான் கை மறக்கல, நீங்களும் அப்படிப் பண்ணுங்கன்னு. எட்டாவது படிச்சவ யோசனை எப்படி? சிரிக்காதீங்க. ரெண்டே ஞாயித்துக்கிழமையில இதைச் செஞ்சுட்டாரு.

காலையில தொறந்தா, இன்னிக்கு ஒண்ணு இருக்குன்னு அதுவே எடுத்து நீட்டும். அவரு எனக்கு வெளக்கணும். நான் வெங்காயம் நறுக்கிக்கிட்டே கேப்பேன். எனக்குப் புரிஞ்சா பச்சை, ஞாபகம் இருக்கு. உளறுனா சிவப்பு, மறந்துட்டேன். சிவப்புன்னா அதே கணக்கு நாளைக்கே வந்து நிக்கும். பச்சைன்னா, கணக்கு பழசாக ஆக அவ்ளோ தூரம் தள்ளிப் போயிரும். அமுக்குறது நான்தான். ஒரே ஒரு பச்சை போடுடீன்னு கெஞ்சுவாரு பாருங்க! அசைய மாட்டேனே.

எல்லாம் எழுத்தாத்தான் வச்சிருந்தாரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் வாயால சொல்லிப் பதிவு பண்ணாரு. கட்டத்துக்குள்ள மாட்டுன எலி வெளிய வர்ற கணக்கு. நடுவுல பாப்பா, எலி பாவம்ப்பான்னு அழுவுறா. நான் பால் பொங்குதுன்னு கத்துறேன். அவரு சிரிக்கிறாரு. சிரிச்சு முடிச்சுட்டு, முட்டுச்சந்துன்னா பயப்படக் கூடாது, வந்த வழியே திரும்பி வந்துரணும், அவ்ளோதாங்கிறாரு.

தினம் காலையில அதைக் கேப்பேன். கேட்டுட்டு, சிவப்பை அமுக்கிட்டு, தைக்க உக்காந்துருவேன். நேத்து நான் அடுப்பை அணைச்சுட்டு வர்றதுக்குள்ள பாப்பா பச்சையை அமுக்கிட்டா. ஏண்டின்னா, எனக்குத்தான் அப்பா சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கே, பொய் சொல்லக் கூடாதுல்லம்மாங்கிறா. அடுத்து ஆறு மாசம் கழிச்சுத்தான்னு காட்டுது.

அவரையே மாத்தச் சொல்லலாமே, அஞ்சு நிமிச வேலைங்கிறீங்க. அவரு தவறிப் போயி பதினோரு மாசம் ஆகுதுண்ணே. இன்டர்வியூவுக்கு ரெண்டே நாள் இருந்துச்சு. அட, நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க, உக்காருங்க.

குரலை மட்டும் போன்ல ஏத்தித் தர்றீங்களா? வேண்டாம்ணே. அப்புறம் நானாத் தேடிப் போய்க் கேக்கணும். இதுன்னா தானா வருது, காலையில அவரே வந்து கூப்பிட்ட மாதிரி. நாளைக்கே வர்ற மாதிரி வச்சுக் குடுங்க. அப்படியே அந்தப் பச்சைப் பொத்தானை எடுத்துருங்கண்ணே.