சுப்பராயலு அண்ணன் வாயில் வைக்காத கிர்ணிப்பழம்

மேடையில் இருக்கும் தலைவர் தனசேகரன் அவர்களே, ஓசூரிலிருந்து வந்திருக்கும் அண்ணனின் மகள் இனியா அவர்களே, ஆரணி வீட்டுத்தோட்டக் குழுவின் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம். நம் கூட்டத்தில் நான் முதல் ஆளாகப் பேசுவது இன்றுதான். அண்ணன் இருந்தவரை மைக்கை யாரிடமும் விட்டதில்லை.

தேவிகாபுரம் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர் நம் சுப்பராயலு அண்ணன். சர்க்கரை தூவாமல் கிர்ணிப்பழம் தொண்டையில் இறங்காது என்று சொல்லிக்கொண்டிருந்த நம்மை மாற்றியவர் யார்? கொடிக்கு இரண்டு காய் போதும் என்று, நமக்கு மனம் வராத பிஞ்சுகளை வீடு வீடாக வந்து கிள்ளிப் போட்டவர் யார்? காய் முற்றியதும் தண்ணீரை நிறுத்து, கொடி வாடினாலும் இரக்கப்படாதே, அப்போதுதான் இனிப்பு ஏறும் என்று காலையும் மாலையும் போன் போட்டுப் பேஜார் செய்தவர் யார்? எல்லாம் அவர்தான்.

அவ்வளவு பாடுபட்டு வளர்த்த பழத்தை அவர் வாயில் வைத்ததில்லை. அவருக்குச் சர்க்கரை நோய். பழம் எப்படி வந்திருக்கிறது என்று சொல்ல அவருக்கு இன்னொருவர் நாக்கு வேண்டும். அண்ணி சின்னபொண்ணு இருந்தவரை அண்ணிதான் தின்று சொன்னார். அண்ணி போன பிறகு எதிர்வீட்டுக்காரனான என்னைக் கூப்பிட்டார்.

"காத்தவராயா, ஒரு துண்டு துன்னு பாத்து சொல்லுப்பா" என்பார். நான் தின்று முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை ஒப்புக்கு நன்றாக இருக்கிறது என்றேன். கண்டுபிடித்துவிட்டார். "பொய் சொல்லாத. நீயும் பொய் சொன்னா நான் வேற யாராண்ட போயி கேப்பேன்?" என்றார். அவர் எவ்வளவு தனியாக இருந்தார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அண்ணன் இறந்த அன்று வீட்டின் பின்பக்கம் கொடிகள் வாடிக் கிடந்தன. வேண்டுமென்றே வாடவிட்டிருந்தார். உடலை எடுத்ததும் வழக்கப்படி பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். வாடிய கொடியைப் பார்த்ததும் அவர்களுக்கு மனசு கேட்கவில்லை. வளர்த்தவர்தான் போய்விட்டார், இதாவது பிழைக்கட்டும் என்று குடம் குடமாக ஊற்றிவிட்டார்கள். நான் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது பாத்தியெல்லாம் தண்ணீர் நின்றது. ஊற்றியவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இருந்திருந்தால் தெருவே கேட்கும்படி திட்டியிருப்பார். அந்தத் திட்டு இல்லாமல் வீடு அமைதியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போதெல்லாம் காலையில் அடிக்காத போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

அண்ணனுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். வரும் தையில் அவர் எடுத்துவைத்த விதையை எல்லாரும் விதைப்போம். மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிஞ்சைக் கிள்ளுவோம். அவர் சொன்ன நேரத்தில் தண்ணீரை நிறுத்துவோம். விளைந்த பழத்தைத் தனியாகத் தின்னாமல், நம் தெருவில் தனியாக இருப்பவர் யாரென்று பார்த்து அவரோடு உட்கார்ந்து தின்போம். இது இந்தக் குழுவின் உறுதிமொழியாக இருக்கட்டும்.

அன்று ஊற்றிய தண்ணீரில் அந்தக் கொடிகளில் பல காய்கள் வெடித்துவிட்டன. வெடிக்காமல் பழுத்தவற்றை அறுத்துத் தட்டுகளில் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று, எப்படி இருந்தது என்று சொல்லிவிட்டுப் போங்கள். நான் காலையிலேயே தின்று பார்த்தேன். இனிப்பே இல்லை. படத்துக்கு முன்னால் நின்றேன், சொல்ல வாய் வரவில்லை. உங்களில் யாராவது சொல்லிவிடுங்கள்.