எட்டு மார் கயிறு

— நம் வெள்ளிமலை ஆஸ்பத்திரிக் கிணறு எட்டு மார் ஆழம் என்றுதானே சொல்லி அனுப்பினேன், காசிநாதா? வாளி தண்ணீரைத் தொடவே இல்லை.

— எட்டு மார்தாங்க வாங்கியாந்தேன், இங்கரம்மா. கள்ளக்குறிச்சி கடைத்தெருவுல என் கண்ணெதிர அளந்தாங்க.

— யார் அளந்தார்கள்? சரியாகச் சொல்.

— கயித்துக்கடைப் பொண்ணு ராஜாம்பாதாங்க.

— அவள் எவ்வளவு உயரம்?

— என் தோளு ஒசரம் இருப்பா. கையும் அதுக்கேத்த மாதிரி சின்னதா அழகா இருக்கும்.

— கையின் அழகை நான் கேட்கவில்லை. நான் உன்னைவிட ஒரு சாண் உயரம். மார் என்றால் விரித்த கைகளின் நீளம்; கிணற்றை அளந்தது என் கை. தவறு அங்கேதான். எங்கள் டென்மார்க்கிலும் இந்த அளவு உண்டு. ஃபவ்ன் என்போம். என் அப்பா மீனவர், கடலாழத்தை ஃபவ்னில்தான் சொல்வார். விறகும் ஃபவ்ன் கணக்கில்தான்.

— இன்னாங்கம்மா, கடலுக்கும் வெறகுக்கும் ஒரே அளவா?

— முதலில் அது அளவே இல்லை. விரித்த இரண்டு கைகள், அவ்வளவுதான். குழந்தை விழுந்து அழுதால் அம்மா, 'என் ஃபவ்னுக்கு வா' என்பாள். அதிலிருந்துதான் அளவு வந்தது. ஆளுக்கு ஆள் கை நீளம் மாறியதால் சண்டை வேறு. கடைசியில் ராஜாவே ஒரு நீளத்தை விதித்தார்.

— அந்த ராஜா நம்ம கடைத்தெரு பக்கம் வந்திருக்கலாம். இப்போ மறுபடி எப்டிப் போறது? இடஒதுக்கீடு கேட்டு ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டிருக்காங்க. கச்சிராயபாளையத்துல ஜீப்பை வுட்டுட்டு நடந்தே மலையேறுனேன்.

— பக்கத்துக் கடையில் நெட்டைப் பிச்சைமுத்து இருக்கிறாரே. அவரிடம் ஏன் வாங்கவில்லை?

— அங்க ராஜாம்பா இல்லீங்களே.

— ஓ, அப்படியா சேதி. அவளிடம் கேட்டாயா?

— இந்தவாட்டி கேட்டுட்டேங்க, என்னைக் கட்டிக்கிறியான்னு. பதிலே சொல்லல. கயித்தை உருவிக்கினே இருந்தா. வர்ற வழியெல்லாம் மனசே சரியில்லீங்க.

— ஒன்றுமே பேசவில்லையா? சரியாகச் சொல்.

— கெணத்த அளந்த ஆளு எவ்ளோ ஒசரம்னு கேட்டா. வாசக்கால்ல தலை இடிக்கும்னேன். சிரிச்சா.

— சிரித்துவிட்டு?

— தன் கையால எட்டு மார் அளந்து, சுத்திக் குடுத்தா.

— இதற்கு முன் அவள் கயிறு யாருக்காவது குறைந்திருக்கிறதா?

— சேச்சே. அளந்த ஆளு ஒசரத்தைக் கேட்டுக்கினு, அதுக்குத் தக்க ஜாஸ்தியே குடுப்பா. கொறஞ்சிச்சுன்னு ஒருத்தன் வந்து நின்னதில்ல.

— பிறகு உனக்கு மட்டும் ஏன் குறைத்தாள், காசிநாதா? கயிறு குறைந்தால் மறுபடி யார் போய் அவள் கடையில் நிற்க வேண்டும்?

— அப்போ... இங்கரம்மா, இன்னைக்கு ஓடைத் தண்ணியில சமாளிச்சுக்கோங்க. மரமெல்லாம் தாண்டி நான் இப்பவே கெளம்பறேன்.