கையெழுத்து வைக்காத பதினொரு கடிதங்கள்

பெருமதிப்புக்குரிய தலைவர் ஞானசுந்தரம் அவர்களே! முன்வரிசையில் முகமலர்ச்சியோடு வீற்றிருக்கும் மூத்தோர்களே! காலைப் பணி முடித்த கையோடு கைக்குழந்தையையும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! ஜெர்மனியின் இந்த வுப்பர்டால் நகரில் வாழும் தமிழ் உறவுகளே! அனைவருக்கும் இந்த அலோசியஸின் அன்பு வணக்கம்.

"அந்நிய முதலீடும் வேலையில்லாமையும்" என்று எனக்குத் தலைப்புத் தந்தார் தலைவர். பொதுவுடைமை ஆட்சி போய்ச் சந்தைக்கு மாறிய நாடுகளில் வெளிநாட்டு முதல் போய் இறங்கினால், அங்கே வேலை பெருகுமா? இங்கே வேலை அருகுமா? அறிஞர்கள் அட்டவணை போட்டு ஆராயட்டும். நான் அறிந்தது ஒரு தொழிற்சாலை, பதினொரு தமிழர்கள், ஒரு கடிதம். அதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு, அதாவது இரண்டாயிரத்து ஐந்தில், கார்களுக்கு வயர்க்கட்டுச் செய்யும் எங்கள் தொழிற்சாலை ஸ்லோவாக்கியாவில் கிளை திறந்தது. ஐந்து பேரில் ஒருவர் வேலையற்றிருந்த சிற்றூர் அது. ஆறு வாரம் அங்கே தங்கிப் பெண்களுக்கு வேலை பழக்கி வந்தார், இதோ இரண்டாம் வரிசையில் இருக்கும் நம் ஜெயமலர் அக்கா. அவர் திரும்பிய மறுவாரமே எங்கள் பகுதியைப் பூட்டி, "நான்கு வாரம் வீட்டில் இருங்கள்" என்றார்கள். பயம் பிடித்ததா இல்லையா? பிடித்தது! பழி பிறந்ததா இல்லையா? பிறந்தது! "எங்கட சோத்தை அள்ளி அங்க குடுத்திட்டு வந்திட்டா" என்று அக்காவின் காதுபடவே பேசினோம். பேசியவர்களில் நானும் ஒருவன்.

மூன்றாம் வாரம், அந்தப் பகுதியில் வேலை செய்த நம் பதினொரு பேர் வீட்டுக்கும் பதிவுத் தபால் வந்தது. நாங்கள் யார்? கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, அகதி விண்ணப்பம் நிராகரித்த தபாலைக் கண்டு நடுங்கியவர்கள் அல்லவா? அக்காலத்தில் நமக்குள் ஒரு கைவைத்தியம் இருந்தது. கையெழுத்து வைத்து வாங்காவிட்டால், கடிதம் வரவில்லை என்றாகிவிடும்! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்று சிரித்தவர் எவருமில்லை. உங்கள் அன்ட்ராக், அதுதான் விண்ணப்பப் படிவம், அத்தனையும் நிரப்பித் தருகிற நான், சட்டம் தெரிந்தவன் என்று நீங்கள் நம்பிய நான், வீடு வீடாகத் தொலைபேசி எடுத்தேன்.

"ஒருத்தரும் வாங்காதேங்கோ. வேலையால நிப்பாட்டுற கடிதம்தான். தபால்கந்தோரில கிடந்திட்டு ஏழு நாளில திரும்பிப் போயிடும்."

ஏழாம் நாள், சனிக்கிழமை. அக்காவுக்கு ஸ்லோவாக்கியாவிலிருந்து ஓர் அழைப்பு. அவர் வேலை பழக்கிய சுசானா, நான்கு ஆண்டு வேலையின்றி இருந்த பெண், தெரிந்த ஜெர்மனில் கேட்டாளாம்: "நாங்கள் கட்டும் பெட்டி எல்லாவற்றிலும் வுப்பர்டால் என்று ஒட்டுகிறார்கள். அங்கே சோதிக்கப் போவது நீங்கள்தானே?"

வேலையால் நிறுத்தப்போகிறவர்களுக்கு எதற்குப் பெட்டி என்று அக்காவுக்குப் பொறி தட்டியது; அடுத்த நிமிடமே அஞ்சலகம் போய்க் கையெழுத்து வைத்தார். கடிதத்தைப் பிரித்தார். என்னை அழைத்தார்.

"அண்ணை, உது நிப்பாட்டுற கடிதமில்லை! அங்க வேலை கூடினதால இங்க சோதனைப் பகுதி திறக்கினம். திங்கட்கிழமைக்குள்ள சம்மதம் குடுக்காட்டி எங்கட இடம் வேற ஆக்களுக்கு. தபால்கந்தோர் ஒரு மணிக்குப் பூட்டுது!"

மணி பன்னிரண்டே கால்! நம் ஊர்த் தொங்குரயிலில் ஏறி ஓடினோர் எத்தனை பேர்! அடையாளம் காட்ட வேண்டிய பாஸ்போர்ட்டை மறந்து பாதிவழியில் திரும்பினோர் எத்தனை பேர்! நம் முருகேசு அண்ணை தலைக்குப் பூசிய சாயத்தைக் கழுவாமலே வந்து நின்றார். ஓம் அண்ணை, நீங்கள்தான், மறைக்க ஏலாது! பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குப் பதினோராவது கையெழுத்து விழுந்தது. அது என்னுடையது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

அந்நிய முதலீடு எல்லோரையும் வாழ வைத்ததா? இல்லை. அடுத்த தெருவில் ஒரு பட்டறை முழுதாகவே பெயர்ந்து போனது. அங்கே வேலை இழந்தவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்கள் முன் வெற்றி முழக்கம் செய்ய எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். எந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததால் நமது வேலை போயிற்று என்று நினைத்தோமோ, அந்தப் பெண்ணின் உழைப்பால்தான் பதினொரு வீட்டில் இன்று உலை கொதிக்கிறது! அவளுக்குத் தொழில் தந்த கையைத்தான் நாம் பழித்தோம்! ஜெயமலர் அக்கா, சபை அறியக் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள்.

என்ன அக்கா, எழுந்து என்ன சொல்கிறீர்கள்?

"மன்னிப்பு இருக்கட்டும் அண்ணை. இனி வாற கடிதத்தை முதல் உடைச்சுப் பாருங்கோ!"

கேட்டீர்களா? இதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது! பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், தொலைவிலிருந்து தொலைபேசி எடுத்த அந்தச் சுசானாவுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!