முகத்தில் ஓர் அடிகூட இல்லை

தேர்தல் வந்தால் முதலில் தூக்கம் கெடுவது வேட்பாளருக்கு அல்ல சார், பேனர் அடிக்கிறவனுக்குத்தான். மாநகராட்சிக்கு நிற்கிற எல்லாக் கட்சிக்காரர்களும் என் கடைக்குத்தான் வருவார்கள். மூக்கை நேராக்குவேன், நரையைக் கறுப்பாக்குவேன், சிரிக்கத் தெரியாதவனையும் சிரிக்க வைப்பேன். என் தம்பி ஒருவனுக்குத்தான் எதையும் திருத்த வேண்டியிருந்ததில்லை. அவன் தனியார் பள்ளியில் விளையாட்டு மாஸ்டர். ஊரில் பாதி இளவட்டங்கள் அவனிடம் ஓட்டம் பழகியவர்கள்.

கட்சித் தலைவர் வீட்டுக்கு வந்த அன்று கதவைத் திறந்தவன் நான். உட்காரச் சொன்னேன், காபி போடச் சொன்னேன். அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, "மாஸ்டர் இல்லீங்களா?" என்றார். மேயர் வேட்பாளராக நிற்கச் சொல்லித் தம்பியைக் கேட்கத்தான் வந்திருந்தார். எனக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. நீங்கள் அதைத்தான் முதலில் எழுதிக்கொள்வீர்கள் என்று தெரியும், அதனால் சொல்லிவைக்கிறேன்.

தம்பி நல்லவன். ஆனால் ஓட்டுக் கேட்கத் தெரியாதவன். தண்ணீர் வரும் என்று சொல்லடா என்றால், "குழாய் போடவே வருஷக்கணக்காகும்ணே, எப்படிச் சொல்றது?" என்பான். அதை மேடையிலும் சொல்வான். எதிரே நின்றவர் பழைய மேயர், எத்தனையோ பேருக்குத் தண்ணி காட்டியவர். ஓட்டுப்பதிவுக்கு முந்தின வாரம் அவர் ஆட்கள் என்னிடம் வந்து நன்றி பேனருக்கு விலை கேட்டார்கள். ஜெயிக்கப் போகிறவன்தான் அதைக் கேட்பான். பேனர்காரனுக்கு இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தம்பிக்குத் தேவைப்பட்டது அனுதாபம். தோளில் ஒரு கட்டோடு மேடையேறினால் போதும், காற்று திரும்பிவிடும். கூலிக்கு ஆள் பிடித்திருக்கலாம். ஆனால் அவர்கள் எங்கே அடிப்பார்கள், எவ்வளவு அடிப்பார்கள் என்று யார் கண்டது? கூடப்பிறந்தவனை அந்நியன் கையில் விட மனசு வரவில்லை.

பூட்டிக் கிடக்கிற சினிமா தியேட்டருக்குப் பின்னால் ஒரு சந்து. பிரசாரத்துக்கு நடுவே மத்தியானம் சாப்பிடப் போகும்போது அவன் அந்த வழியாகத்தான் தனியாக நடந்து வருவான். நான் ஹெல்மெட் போட்டிருந்தேன். கையில் பேனர் சட்டத்துக்கு அடிக்கிற மரக்கட்டை. அதிலிருந்த ஆணிகளையெல்லாம் உட்கார்ந்து பிடுங்கி எடுத்திருந்தேன். ஆணி குத்தினால் புண் சீழ் பிடிக்கும் இல்லையா.

முதல் அடி நினைத்தபடியே தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அதோடு திரும்பியிருப்பேன். கீழே விழுந்தவன் என் காலைப் பார்த்தான். என் வலது கட்டைவிரலில் நகம் கிடையாது. சிறுவயதில் அவனோடு விளையாடும்போது போனது.

"அண்ணே?" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. நான் காப்பாற்ற வந்தவன் என்று நினைத்த மாதிரி நல்ல கையை நீட்டினான்.

அவனுக்குப் பொய் சொல்ல வராது சார். ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவான். தேர்தல் போகும், குடும்ப மானமும் போகும். அதனால் மறுபடி அடித்தேன். விலாவில் அடித்தேன், முதுகில் அடித்தேன், சுருண்டு படுத்த பிறகு பின்மண்டையில். கட்டை இரண்டாக முறிந்தது. கையில் மிஞ்சிய பாதியை வைத்து முடித்தேன். நடுவில் ஒருதரம் "வலிக்குதுண்ணே" என்றான். முகத்தில் ஓர் அடிகூட விழாமல் பார்த்துக்கொண்டேன். ஊர் ஜனங்கள் பார்க்கக் கிடத்த வேண்டியிருக்கும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, சேதி வந்ததும் எல்லோரோடும் ஓடி வந்தேன். அழுதேன். அது நிஜமான அழுகை. "யார்ணே செஞ்சது? யாருன்னு மட்டும் சொல்லுங்க" என்று இளவட்டங்கள் என்னை உலுக்கினார்கள். அந்நேரம் பார்த்துப் பழைய மேயரின் கார் தெருமுனையில் வந்து நின்றது. உள்ளே டிரைவர் மட்டும்தான். நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பக்கமாகக் கையை நீட்டினேன், அவ்வளவுதான். கண்ணாடியை உடைத்து அவனை வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். "நான் வெறும் டிரைவருங்க, டிரைவருங்க" என்று கத்திக்கொண்டே இருந்தான். சத்தம் நின்ற பிறகும் மிதித்தார்கள். அப்புறம் காருக்குத் தீ வைத்தார்கள். அந்தச் சாவை என் கணக்கில் எழுதாதீர்கள். கூட்டம் செய்ததற்கு ஒருத்தனைப் பிடித்து என்ன செய்வது?

தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். கட்சித் தலைவர் மறுபடி வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை என் தோளுக்கு மேலாகப் பார்க்கவில்லை. தம்பி படத்தைப் பெரிதாக அடித்து, பக்கத்தில் நான் கைகூப்பி நிற்கிற மாதிரி பேனர் போட்டேன். ஓட்டு அள்ளிக்கொண்டு வந்தது. பழைய மேயருக்கு டெபாசிட் போயிற்று.

நான் மேயராகப் பதவியேற்ற அன்று தம்பி பெண்டாட்டி மண்டபத்துக்கு வந்தாள். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றிருந்தாள்.

"மாமா, பக்கத்துல யாருமே இல்லாம போய்ட்டாரேன்னுதான் மனசு ஆறல. கடைசியா என்ன நினைச்சிருப்பாரோ."

கழுத்து நிறைய மாலையோடு நின்ற எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று சொன்னேன்: "அப்படி இல்லம்மா. நான் இருந்தேன். 'வலிக்குதுண்ணே'ன்னான்."

நான் போய்ச் சேரும்போதே உயிர் போயிருந்தது என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்திருந்தேன். அவளுக்கு அது மறக்கவில்லை. அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

ஆமாம் சார், தம்பியை அடித்துக் கொன்றது நான்தான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். திங்கட்கிழமை மாமன்றத்தின் முதல் கூட்டம். அதற்கு மட்டும் என்னை அனுப்பிவையுங்கள். நான் போய் உட்காரவில்லை என்றால், எனக்காக உயிரையே கொடுத்தானே என் தம்பி, அது வீணாகிவிடும்.